பிள்ளைகளுக்கு ஏன் டென்ஷன்?

"ஒரே டென்ஷனா இருக்கும்மா" என்பது இன்று நம் பிள்ளைகள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் வாக்கியம். "இந்த வயசுல உனக்கு என்னடா டென்ஷன்? வாடகை கட்டுற கவலையா, அரிசி பருப்பு வாங்குற கவலையா?" என்று நாமும் சாதாரணமாகக் கேட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தக் கேள்விக்கு உடலியல் ஒரு பதில் வைத்திருக்கிறது. அதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

உடலுக்குள் நடப்பது என்ன?

தெருவில் ஒரு நாய் நம்மைத் துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் எச்சரிக்கை தருகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும், சற்றுப் பின்னர் கார்டிசாலையும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் மந்தமாகிறது. உடம்பு முழுவதும் ஓடுவதற்குத் தயாராகிறது. நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இது இயற்கை நமக்குத் தந்த பாதுகாப்பு.

ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் 1936-இல் 'நேச்சர்' இதழில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு என்று துன்பம் எதுவாக இருந்தாலும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகவே எதிர்வினை காட்டுகிறது என்று கண்டார். முதலில் அதிர்ச்சி, பிறகு தாக்குப்பிடித்தல், நெடுநாள் நீடித்தால் களைப்பு என மூன்று கட்டங்களையும் விவரித்தார்.

இங்கேதான் நம் பிள்ளைகளின் சிக்கல் தொடங்குகிறது. தெருநாய் பத்து நிமிடத்தில் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நுழைவுத் தேர்வும் இரண்டு வருடம் துரத்துகின்றன. உடம்புக்கு நாயும் மதிப்பெண் பட்டியலும் ஒன்றுதான். ஓரளவு பதற்றம் இருந்தால்தான் படிப்பு ஓடும் என்பது உண்மையே. ஆனால் பதற்றம் தணிய இடைவெளியே கிடைக்காவிட்டால் அதுவே தீங்காகிறது.

இளம் வயதில் ஏன் அதிகம்?

உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப்பகுதிகள் இளமையில் வெகு சுறுசுறுப்பாக இருக்கும். அவற்றை நிதானப்படுத்தும் நெற்றிப்பக்க மூளையோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுமையாக முதிர்கிறது. வண்டி வேகம் எடுத்துவிட்டது, பிரேக் இன்னும் முழுசாகப் பொருத்தப்படவில்லை!

போதாக்குறைக்குத் தூக்கம். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அந்த வயதில் உடலின் கடிகாரம் தானாகவே பின்தள்ளிப் போவதால் சீக்கிரம் தூக்கம் வராது. காலையில் ஸ்கூல் பஸ்ஸோ காத்திருக்காது. படித்தது நினைவில் பதிவது பெரும்பாலும் தூக்கத்தின்போதுதான். தூங்காமல் படித்த பிள்ளை "எல்லாம் மறந்துபோச்சு" என்று சொன்னால் அது சோம்பேறித்தனம் அல்ல.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகள்

ஊரில் அப்பா திட்டினால் இரண்டு தெரு தள்ளி அத்தை வீடு இருக்கும். பாட்டி மடி இருக்கும். இங்கே இரண்டு அறை ஃபிளாட்டில் திட்டுபவரும் நாம்தான், தேற்ற வேண்டியவரும் நாம்தான்.

மொழியையும் யோசிக்க வேண்டும். பிள்ளை நண்பர்களிடம் இந்தியிலோ மராத்தியிலோ பேசுகிறது, ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறது. அதற்குத் தெரிந்த தமிழ் "சாப்பிட்டியா, படிச்சியா, தூங்கு" என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. மனக்கலக்கத்தைச் சொல்லத் தமிழில் வார்த்தை கிடைக்காதபோது அது "வயித்த வலிக்குது", "தலை வலிக்குது" என்று வெளிவருகிறது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்பார். "நடிக்கிறான்" என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. அழுத்தம் செரிமானத்தைப் பாதிப்பதால் அந்த வலி உண்மையான வலியே. அந்த நேரத்தில் "தமிழ்ல பேசு" என்று திருத்த வேண்டாம். எந்த மொழியில் மனசு திறக்கிறதோ அந்த மொழியில் பேசட்டும். தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம்.

என்ன செய்யலாம்?

தேர்வுக் காலத்திலும் தூக்கத்தையும் மாலை விளையாட்டையும் குறைக்காதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் முதல் கேள்வி மார்க்கைப் பற்றியதாக இருக்க வேண்டாம். ரிசல்ட் அன்று ஊரிலிருந்து வரும் போன்களை நீங்களே எடுத்துப் பேசுங்கள். பெரியப்பா மகனின் மார்க்கோடு ஒப்பிடுவது அன்றைக்காவது வேண்டாம். ஒரு தேர்வோடு கதை முடிவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். துணைத்தேர்வு இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு வாய்ப்புகள் உண்டு.

அழுத்தம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, பிடித்த விஷயங்களும் வெறுத்துப்போனாலோ, ஊணும் உறக்கமும் மாறினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, பிள்ளைக்குப் பாரம் குறையும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பிள்ளை.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்கும் இந்தச் சேவை இலவசம், இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழ் உட்படப் பல மொழிகளில் உண்டு. பிள்ளைகள் மட்டுமல்ல, செய்வதறியாத பெற்றோரும் அழைக்கலாம். கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் இதையும் எழுதி ஒட்டிவையுங்கள்.

அடுத்த முறை பிள்ளை "டென்ஷனா இருக்கு" என்று சொன்னால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "என்னடா கண்ணு, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அறிவுரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.