மருந்துக் கடையில் பிறந்த கழகம்

போர்ச்சுக்கல் என்றதும் நம் மாணவியர் பலருக்கும் வாஸ்கோ ட காமா நினைவுக்கு வருவார். விளையாட்டில் நாட்டமுள்ளவர்களுக்குக் கால்பந்து நினைவுக்கு வரும். கூடைப்பந்து யாருக்கும் நினைவுக்கு வராது. ஆயினும் 1932-ஆம் ஆண்டில் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தைத் தொடங்கிய எட்டு நாடுகளுள் போர்ச்சுக்கலும் ஒன்று. அந்நாட்டின் தலைநகர் லிஸ்பனில் உள்ள பென்ஃபிகா என்னும் கழகத்தையும், அதன் கூடைப்பந்து அணியையும் பற்றி இங்கே சிறிது காண்போம்.

லிஸ்பன் நகரின் மேற்கே, ஆற்றங்கரையில் பெலேம் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஃபிராங்கோ மருந்துக் கடையில் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் 24 பேர் கூடி ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினர். 'ஸ்போர்ட் லிஸ்போவா' என்று அதற்குப் பெயரிட்டனர். அவர்களுள் பலர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். காசா பியா என்னும் பழைய அநாதை இல்லத்தில் வளர்ந்து படித்து வெளிவந்தவர்கள். தொடக்க காலத்தில் கழகத்தைத் தாங்கி நின்ற கொஸ்மே தமியாவோ என்ற இளைஞரும் அந்த இல்லத்தின் மாணவரே. மருத்துவருக்கும் மருந்து செய்வோருக்கும் பாதுகாவலரான புனித கொஸ்மாஸ், புனித தமியான் ஆகிய இருவரின் பெயரையும் ஒருசேரத் தாங்கியவர், மருந்துக் கடையில் பிறந்த கழகத்துக்குத் தூணாக அமைந்தது தற்செயலே என்றாலும் சுவையானது.

இளைஞர்களிடம் ஊக்கம் இருந்தது, மைதானம் இல்லை. 1907-ஆம் ஆண்டில் எட்டு ஆட்டக்காரர்கள் கழகத்தை விட்டு நீங்கி, முந்திய ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்த ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்துகொண்டனர். அங்கே நல்ல மைதானமும் வசதிகளும் இருந்தன. எட்டுப் பேர் போனால் ஓர் அணியில் என்ன மிஞ்சும்? கழகம் அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் 1908-இல் பென்ஃபிகா என்ற பகுதியில் இயங்கிய மற்றொரு சிறு சங்கத்துடன் அது இணைந்தது. அவர்களிடம் மைதானம் இருந்தது. இவர்களிடம் ஆட்டக்காரர்கள் இருந்தனர். சிவப்புச் சட்டையும், கழுகுச் சின்னமும், 'பலரிலிருந்து ஒன்று' என்று பொருள்படும் இலத்தீன் வாசகமும் பழைய கழகத்தினுடையவை. இன்றும் கழகச் சின்னத்தில் கழுகின் பின்னே தெரியும் சைக்கிள் சக்கரம் புதிய கூட்டாளிகளுடையது. அவர்கள் சைக்கிள் பந்தயக்காரர்கள். இரு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டது போல இருவரின் அடையாளமும் அதில் நிலைத்துவிட்டன.

மைதானத் தொல்லை அத்துடன் தீரவில்லை. 1925-இல் சொந்தமாக ஒன்று கட்டினார்கள். சாலைப் பணிக்காக 1940-இல் அதை இழந்தார்கள். பிறகு 1954-இல்தான் உறுப்பினர்களின் நன்கொடையாலும் உழைப்பாலும் 'லூஸ்' மைதானம் எழுந்தது. பக்கத்திலுள்ள 'ஒளியின் அன்னை' ஆலயத்தால் அந்த வட்டாரத்துக்கே லூஸ் என்று பெயர். சென்னை மயிலாப்பூரில் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய லஸ் கோயிலும் அதே அன்னையின் பெயரைக் கொண்டதே. லஸ் முனையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் தம்மை அறியாமல் அதே போர்ச்சுக்கீசியச் சொல்லைத்தான் உச்சரிக்கின்றனர்! பழைய மைதானத்தை இடித்துவிட்டுப் புதிய லூஸ் மைதானத்தை 2003-இல் திறந்தனர்.

இக்கழகம் ஒரு முதலாளிக்குச் சொந்தமானதன்று. சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்கு உரியது. 2006-இல் 1,60,398 உறுப்பினர்களுடன் உலகிலேயே மிகுதியான உறுப்பினர் கொண்ட கழகம் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். 1926 முதல் 1974 வரை போர்ச்சுக்கலில் சர்வாதிகாரம் நிலவியது என்பதை நினைத்துப் பார்த்தால் புதுமை விளங்கும். நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்க முடியாத மக்கள், தங்கள் கழகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். அரசின் பார்வை கழகத்தின் மீதும் விழாமல் இல்லை. 'அவாந்தே', அதாவது 'முன்னேறு', என்று தொடங்கும் கழகப் பாடல் 1942-இல் தடை செய்யப்பட்டது. தலைமறைவாக இருந்த கம்யூனிஸ்டுகளின் பத்திரிகைக்கும் அதே பெயர் இருந்ததே காரணம். பந்து விளையாடுபவர் பாடும் பாட்டுக்கும் அஞ்சிய அரசு அது.

இனி கூடைப்பந்துக்கு வருவோம். இவ்விளையாட்டு போர்ச்சுக்கலுக்கு 1913-இல் வந்தது. 1927-இல் நாட்டுச் சம்மேளனம் அமைந்தது. அதே ஆண்டில் பென்ஃபிகாவும் கூடைப்பந்துப் பிரிவைத் தொடங்கியது. 1940-இல் முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. 1961 முதல் 1965 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். கழகத்தின் கால்பந்து அணி ஐரோப்பியக் கோப்பையை இருமுறை வென்ற அதே காலம் அது. ஆகவே கூடைப்பந்தின் புகழ் கால்பந்தின் நிழலில் மறைந்துபோயிற்று.

அக்காலத்தில் மொசாம்பிக், அங்கோலா, கேப் வெர்டே ஆகியவை போர்ச்சுக்கலின் குடியேற்ற நாடுகளாக இருந்தன. மொசாம்பிக்கின் தலைநகரில், இன்று மபுட்டோ எனப்படும் ஊரில், கூடைப்பந்து மிகச் சிறப்பாக ஆடப்பட்டது. அவ்வூர் அணி ஒன்று 1970-களின் தொடக்கத்தில் போர்ச்சுக்கலின் சாம்பியன் பட்டத்தையே வென்றதுண்டு. 1975-இல் அந்நாடுகள் விடுதலை பெற்றன. ஆயினும் ஆட்டக்காரர்கள் லிஸ்பனுக்கு வருவது நிற்கவில்லை. ஆண்டவர்களின் கழகத்தை ஆளப்பட்ட நாடுகளின் பிள்ளைகளே உயர்த்தினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அவர்களுள் முதன்மையானவர் கார்லோஸ் லிஸ்போவா. லிஸ்பன் நகரின் போர்ச்சுக்கீசியப் பெயரே அவருடைய குடும்பப் பெயர். ஆனால் அவர் 1958-இல் கேப் வெர்டேயில் பிறந்து மொசாம்பிக்கில் வளர்ந்தவர். 1984-இல் பென்ஃபிகாவில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் உலகச் சம்மேளனம் மூன்று புள்ளிக் கோட்டை ஏற்றுக்கொண்டது. கூடையிலிருந்து 6.25 மீட்டருக்கு அப்பால் நின்று எறிந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. (2010 முதல் இது 6.75 மீட்டர்.) தூரத்திலிருந்து குறி தவறாமல் எறிவதே லிஸ்போவாவின் வித்தை. விதி அவருக்காகவே எழுதப்பட்டது போலிருந்தது!

இந்த விதியின் பயன் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைப்பது மட்டுமன்று. தொலைவில் நின்று எறியவல்லவர் ஒருவர் அணியில் இருந்தால், அவரைத் தடுக்க எதிரணியினர் கோடு வரை வெளியே வந்தாக வேண்டும். அவர்கள் வெளியே வந்தால் கூடையின் அடியில் இடம் காலியாகும். அங்கே உயரமான ஒருவர் நின்றால் அவருக்குப் பந்து எளிதாகக் கிடைக்கும். பென்ஃபிகாவில் அப்படி நின்றவர் அங்கோலாவின் ஜான் ஜாக் கொன்செய்சாவோ. 1989-இல் அங்கோலா முதன்முறை ஆப்பிரிக்கப் பட்டத்தை வென்ற அணியிலும் அவர் ஆடினார். 2016-இல் உலகச் சம்மேளனத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். எதிரணிக்கு இது இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைதான். லிஸ்போவாவைத் தடுத்தால் ஜான் ஜாக். ஜான் ஜாக்கைச் சூழ்ந்தால் லிஸ்போவா.

பத்து ஆண்டுகள் பட்டம் காணாதிருந்த அணி, லிஸ்போவா சேர்ந்த முதல் பருவத்திலேயே வென்றது. 1985 முதல் 1995 வரை பதினோரு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள்! இடையில் தவறிய ஒன்று 1988-இல். அதை வென்றது ஓவர் என்னும் சிற்றூரின் கழகம். பெரியவர்களின் பட்டியலில் அந்த ஒரு சிறிய பெயரைக் காணும்போது எனக்கு ஏனோ மகிழ்ச்சியே உண்டாகிறது. பென்ஃபிகாவின் அந்த வெற்றி ஆண்டுகளில் பயிற்சியாளராக விளங்கிய மாரியோ பால்மா பின்னர் அங்கோலாவுக்குச் சென்று அந்நாட்டு அணியையும் ஆப்பிரிக்கச் சாம்பியனாக்கினார்.

1996-இல் லிஸ்போவா ஓய்வு பெற்றார். அத்துடன் வறட்சி வந்தது. ஆள் போனது மட்டும் காரணமன்று; 1990-களின் பிற்பகுதியில் கழகமே கடனில் தத்தளித்தது. இத்தகைய கழகங்களில் கால்பந்து ஈட்டும் பணத்தில்தான் மற்ற விளையாட்டுகள் வாழ்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் வருமானம் குறைந்தால் இளையவர் தட்டில் சோறு குறைவதைப் போன்றதே இதுவும். 1995-க்குப் பின் அடுத்த பட்டம் 2009-இல்தான் வந்தது. 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் அதே கார்லோஸ் லிஸ்போவா. 2017-இல் பட்டங்களின் எண்ணிக்கை 27 ஆயிற்று. 2022 முதல் மீண்டும் தொடர் வெற்றிகள் வந்தன. வேறெந்தப் போர்ச்சுக்கீசியக் கழகமும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

பெண்கள் அணியைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லையே என்று நம் ஆட்டக்காரிகள் கேட்பது காதில் விழுகிறது. ஆண்கள் பட்டமாகக் குவித்த அதே கழகத்தின் பெண்கள் நாட்டின் சாம்பியனாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்களின் முதல் பட்டத்துக்கும் பெண்களின் முதல் பட்டத்துக்கும் இடையே 81 ஆண்டுகள்.