கணைக்கால் எலும்பு எப்படி உறுதியாகிறது?

1999-இல் ‘தம்முடு’ என்ற தெலுங்குப் படம் வந்தது. பவன் கல்யாண் அதில் கிக்பாக்ஸர். 2001-இல் அதே கதை விஜய் நடிப்பில் தமிழில் ‘பத்ரி’ ஆனது. நாயகன் போட்டிக்குத் தயாராகும் பாட்டில் அவன் விரல்கள் மேல் கார் ஏறி இறங்கும். 2003-இல் ரவி தேஜா நடித்த ‘அம்மா நான்னா ஓ தமிழ அம்மாயி’யும் ஒரு கிக்பாக்ஸரின் கதைதான். அடுத்த ஆண்டே அது ஜெயம் ரவியின் ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’யாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஹைதராபாத்திலும் சென்னையிலும் ஒரு தலைமுறை கிக்பாக்ஸிங்கை முதலில் பார்த்தது இந்தப் படங்களில்தான். கூடவே ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது: அடி வாங்க வாங்க உடம்பு இரும்பாகும்.

ஹைதராபாத் தில்சுக்நகரில், மாடியில் நடக்கும் ஒரு பயிற்சிக் கூடத்தில் நான் பார்த்த பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். சுவரோரம் உட்கார்ந்து, காலி சோடா பாட்டிலை முழங்காலுக்குக் கீழே வைத்து மேலும் கீழுமாக அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தான். தோல் சிவந்து, இரண்டு இடத்தில் பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது. எதற்கு என்று கேட்டேன். “வலி மரத்துப்போகணும் அண்ணா, அப்புறம் எலும்பு கல்லாயிடும்” என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. வலி மரத்துப்போகும். எலும்பு கல்லாகாது.

கணைக்கால் என்ற சொல், சேர மன்னன் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் பள்ளியிலேயே நமக்கு அறிமுகமானது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள பகுதி அது. உங்கள் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து நேராகக் கீழே இழுத்துப் பாருங்கள். கத்தியின் முதுகுபோல ஒரு விளிம்பு தட்டும். அதற்கு உட்புறத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசையே கிடையாது. டாக்டர்கள் டிபியா என்று சொல்லும் எலும்பு இதுதான். விபத்துகளில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் நீள எலும்பு முறிவுகளில் இதற்குத்தான் முதலிடம். இந்த எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் நரம்புகள் நிறைய. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவதுபோல வலிப்பது அந்தச் சவ்வினால்தான்.

கிக்பாக்ஸிங்கில் உதைப்பதும் இதே எலும்பால்தான், எதிராளியின் உதையைத் தடுப்பதும் இதே எலும்பால்தான். அதைப் பழக்காமல் களத்தில் இறங்க முடியாது. எப்படிப் பழக்குவது என்பதுதான் கேள்வி.

எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் ஒரு நூலே எழுதினார். டென்னிஸ் வீரர்களின் கைகளை எக்ஸ்ரே எடுத்து 1977-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்ணுக்குக் காட்டியது. ஆண் வீரர்களில், மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மறு கையைவிட ஏறத்தாழ 35% தடித்திருந்தது. அவர்கள் யாரும் அந்தக் கையைக் கட்டையால் அடித்துக்கொள்ளவில்லை. விளையாடினார்கள், அவ்வளவுதான். இதற்கு நேர் எதிர் விண்வெளி வீரர்கள். எடையே இல்லாத இடத்தில் அவர்களுடைய இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5% வரை கரைகின்றன.

எலும்புக்குள் கோடிக்கணக்கான செல்கள், நுண்ணிய கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. குதிக்கும்போதோ உதைக்கும்போதோ எலும்பு மயிரிழை அளவு வளைகிறது. வளையும்போது கால்வாய்களில் உள்ள திரவம் நகர்கிறது. அந்த நகர்வுதான் செல்களுக்குச் செய்தி: இங்கே சுமை வருகிறது, கெட்டிப்படுத்து. உடனே ஒரு கூட்டம் செல்கள் வந்து பழைய, நுண்விரிசல் விட்ட எலும்பைத் தோண்டி எடுக்கின்றன. இதற்குச் சுமார் மூன்று வாரம். பின்னால் வேறொரு கூட்டம் வந்து புது எலும்பைப் பூசுகிறது. இதற்குச் சுமார் மூன்று மாதம். வீட்டுச் சுவரைச் செப்பனிடும் கொத்தனார் முதலில் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதைப் போலத்தான். கொத்தி எடுத்து இன்னும் பூசாமல் இருக்கும் அந்த வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் இரண்டு மாதத்துக்குள் வெறியோடு உதைத்துக் காலைக் கெடுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். பாட்டில், சப்பாத்திக் கட்டை, இரும்புக் கம்பி எதை உருட்டினாலும் எலும்பு வளைவதில்லை. அதனால் உள்ளே இருக்கும் செல்களுக்குச் செய்தியே போவதில்லை. நசுங்குவது மேலே உள்ள சவ்வும் இரத்தக் குழாய்களும் நரம்பும்தான். வலி குறைவதும் அங்கே நரம்பு மரத்துவிட்டதால். வலி என்பது எலும்பின் காவல்காரன். அவனைத் தூங்கவைத்துவிட்டு வீடு பத்திரமாக இருக்கிறது என்று நம்புவது ஆபத்து. கம்பத்தை உதைப்பதும் மூங்கிலால் அடித்துக்கொள்வதும் இன்னும் மோசம். தாய்லாந்து வீரர்கள் வாழை மரத்தை உதைக்கும் வீடியோவைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. வாழைத்தண்டை நறுக்கிப் பொரியல் செய்யும் நமக்கு விளக்க வேண்டியதில்லை: அந்த மரம் முழுக்க மட்டையும் நீரும்தான். பயிற்சிக் கூடத்துப் பையைவிட அது மென்மையாகக்கூட இருக்கும்.

நல்ல பயிற்சிக்குப் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. தையல் கடை வெட்டுத்துணி அடைத்த கனமான பை, எதிரே ஒருவர் பிடிக்கும் பேட், ஸ்கிப்பிங் கயிறு, ஸ்குவாட், ஓட்டம். இவை எலும்பை உள்ளிருந்து வளைத்துச் செய்தி அனுப்புபவை. தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், பாதி வேகத்தில், பையின் நடுப்பகுதியில் உதைத்தால் போதும். பயிற்சி மோதலான ஸ்பாரிங்கில் ஷின் கார்டு (கணைக்கால் கவசம்) இல்லாமல் இறங்கவே கூடாது. பையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: மணல் கலந்து அடைத்திருந்தால் சில மாதங்களில் அது அடியில் இறங்கிச் சிமென்ட் மூட்டைபோல இறுகிவிடும். கையால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகாத இடத்தில் காலை வைக்காதீர்கள்.

எத்தனை உதை? 1984-இல் ரூபின், லான்யன் என்ற இருவர் சேவலின் சிறகு எலும்பில் செய்த சோதனை இதற்கு வழிகாட்டும். நாளுக்கு 36 முறை சுமை கொடுத்தபோது எலும்பு வளர்ந்தது. அதையே பல நூறு முறையாக உயர்த்தியும் கூடுதல் பலன் இல்லை. பிறகு விலங்குகளில் நடந்த சோதனைகளில், சுமைகளுக்கு நடுவே சில மணி நேர இடைவெளி விட்டால் எலும்புச் செல்கள் மீண்டும் கூர்மையாகச் செய்தி வாங்குவது தெரியவந்தது. சேவலுக்கான எண்ணிக்கை அப்படியே மனிதனுக்குப் பொருந்தாது, ஆனாலும் போக்கு தெளிவு. ஒரே மூச்சில் ஐந்நூறு உதைகள் என்பது எலும்புக்கு அல்ல, இன்ஸ்டாகிராமுக்கு.

எவ்வளவு பழக்கினாலும் எலும்புக்கு ஓர் எல்லை உண்டு. 2013 டிசம்பர் 28 அன்று லாஸ் வேகஸில் நடந்த யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ஆண்டர்சன் சில்வா உதைத்த உதையை கிறிஸ் வைட்மன் முழங்காலை உயர்த்தித் தடுத்தார். சில்வாவின் கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் முறிந்தன. 2021 ஏப்ரலில் அதே வைட்மன், யூரையா ஹாலுடன் மோதியபோது 17 வினாடிகளில், தன் முதல் உதையிலேயே, அதே விதமாகக் காலை முறித்துக்கொண்டார். இருவரும் பல ஆண்டுகள் காலைப் பழக்கியவர்கள். டிபியா முழங்காலுக்கு அடியில் அகலம், கீழே மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மிகக் குறுகல். குறுகிய இடம் போய் எதிராளியின் அகன்ற இடத்தில் மோதினால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. எப்போது உதைப்பது, எந்தக் கோணத்தில் உதைப்பது என்று கற்பதும் எலும்பைக் காப்பதில் சேர்த்திதான்.

ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்கு எலும்பைப் பற்றிச் சொல்ல அந்த ஊரிலும் அருகிலுமாக இரண்டு சாட்சிகள் உண்டு. தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் குன்னூரில் 1918-இல் பிறந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபோனது. பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது 2020-இல் அது தந்த பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகவும் அதன் அட்டவணை சொல்கிறது. பயிற்சிக்கு வரும் பையன்கள் விலை உயர்ந்த புரோட்டீன் டப்பாவை வாங்கும் முன் வீட்டு ராகிக் கூழையும் வெயிலையும் நினைத்துக்கொள்ளலாம். இரண்டாவது சாட்சி, அருகிலுள்ள நல்கொண்டா மாவட்டம். அங்கே நிலத்தடி நீரின் ஃபுளோரைடு தலைமுறைகளாக மக்களின் எலும்பில் படிந்தது. அப்படிப் படிந்த எலும்பு எக்ஸ்ரேயில் பளிச்சென்று அடர்த்தியாகத் தெரியும். தொட்டால் கெட்டி. ஆனால் வளைந்து கொடுக்காது, நொறுங்கும். கெட்டி வேறு, உறுதி வேறு.

வலியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பின் உள்விளிம்பில் சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அநேகமாகச் சவ்வு வீக்கம், ஓய்வில் அடங்கும். ஒரே விரல் நுனியால் காட்டக்கூடிய இடத்தில் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்றாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ அது அழுத்த முறிவாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு, அதனால் “ஒன்றுமில்லை” என்று மறுபடி உதைக்கப் போகாதீர்கள். அடிபட்ட பிறகு கெண்டைக்கால் கல்போல இறுகி, பாதம் மரத்து, விரலை உயர்த்த முடியாமல் போனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறித் தசை சாகத் தொடங்க சில மணி நேரம் போதும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பயிற்சி தரும் மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வருபவர்களில் பலர் பதினெட்டைத் தொடாதவர்கள், எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள். சுவரோரம் யாராவது பாட்டில் உருட்டிக்கொண்டிருந்தால் அதை இன்றே வாங்கி வையுங்கள். அப்படியே பையைக் கீழே இறக்கி, அடியில் மணல் இறுகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.