வீணைக்கு ஒரு மின்காது

தஞ்சாவூரில் புது வீணைக்கு முன்பணம் கொடுக்கச் செல்பவர் பட்டறையில் எதையெல்லாம் பேசி முடிவு செய்வார்? ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையா, குடமும் தண்டியும் தனித்தனியே செய்து பொருத்திய ஒட்டு வீணையா; யாளி முகம் எப்படி அமைய வேண்டும்; குடத்தில் சித்திர வேலை எவ்வளவு; எந்தச் சுருதிக்கு மேளம் கட்ட வேண்டும். இவற்றோடு இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "மைக் எது வைக்கப் போகிறீர்கள்?" முதல் நான்கு கேள்விகளுக்கும் பல தலைமுறைகளாகத் தொழில் பழகிய ஆசாரி பதில் சொல்லிவிடுவார். ஐந்தாவதன் பதில் பௌதிகத்தில் இருக்கிறது.

வீணை மெல்லிய குரல் உடையது. ஓர் அறையில், எதிரே பத்துப் பேர் அமர்ந்து கேட்பதற்கென்று ஏற்பட்ட கருவி அது. அதைக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில், பக்கத்தில் மிருதங்கமும் வெளியே ஜெனரேட்டரும் ஓட, முந்நூறு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் வைக்கிறோம். சாதாரண மைக்கை அருகில் வைத்தால் அது வீணையைக் கேட்பதைவிட மிருதங்கத்தை நன்றாகக் கேட்கிறது. ஆகவே, சுற்றுப்புற ஓசையை விட்டுவிட்டு வீணையை மட்டும் கேட்கும் ஒரு காது தேவைப்படுகிறது. கிதார்க்காரர்கள் இதனைப் 'பிக்கப்' என்பார்கள். நாம் மின்காது என்றே சொல்லலாம்.

இதே சங்கடம் அமெரிக்காவில் கிதாருக்கு நேர்ந்தது. 1920-களின் நடன இசைக் குழுக்களில் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் நடுவே கிதார் வாசிப்பவரின் விரல் அசைவதுதான் தெரியும், ஒலி கேட்காது. 1931-இல் ஜார்ஜ் போஷாம் என்பவர் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து காந்த மின்காது பொருத்திய கிதார் ஒன்றை உருவாக்கினார். வட்டமான சிறு உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்த அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் ஏற்பட்டது. காப்புரிமை கிடைத்தது 1937-இல். இன்று உலகில் ஒலிக்கும் மின்கிதார்கள் அனைத்தும் அந்த வாணலியின் வம்சம் எனலாம்.

அதன் தத்துவம் நாம் பள்ளியில் படித்ததுதான். ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் அளவே கனமுள்ள செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி. காந்தத்தின் அருகில் இருப்பதால் தந்தியும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாய்வு கூடிக் குறைகிறது. பாய்வு மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது 1831-இல் பாரடே கண்ட உண்மை. தந்தி வினாடிக்கு 160 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் 160 முறை ஏறி இறங்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த மின்காது ஒலியையே கேட்பதில்லை! காற்றில் வரும் அலையைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. தனக்கு நேர் மேலே உள்ள இரும்பு அசைகிறதா என்பதை மட்டுமே அது அறியும். பலாமரம், குடம், மேல்பலகை ஆகியவை தந்தியின் அசைவில் உண்டாக்கும் சிறு மாறுதல் மட்டுமே அதற்குப் புலனாகும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதை எளிதில் செய்து பார்க்கலாம். சோனாமீட்டரில் எஃகுக் கம்பி ஒன்றும் பித்தளைக் கம்பி ஒன்றும் பூட்டிக்கொள்ளுங்கள். பழைய தொலைபேசிச் செவியின் காந்தத்தையும் சுருளையும் எடுத்துக் கம்பிக்குக் கீழே சில மில்லி மீட்டர் தள்ளி வைத்து, சுருளின் முனைகளைப் பெருக்கியுடன் இணையுங்கள். எஃகுக் கம்பியைச் சுண்டினால் ஒலிபெருக்கி பேசும். பித்தளைக் கம்பியை எவ்வளவு பலமாகச் சுண்டினாலும் ஒன்றுமே கேட்காது. பெட்டியின் மேல் காது வைத்தால் மட்டும் அது பாடிக்கொண்டிருப்பது தெரியும். என் மாணவர்கள் இந்த இடத்தில் இணைப்பு விட்டுப்போய்விட்டது என்று கம்பிகளை ஆட்டிப் பார்ப்பார்கள்.

(பித்தளைக்கும் ஒரு வழி உண்டு. அது நல்ல மின்கடத்தி ஆதலால், காந்தப் புலத்தில் அசையும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்தம் எழும். தந்தியையே சுருளாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதை வீணையில் பொருத்துவது பெரும் தொல்லை.)

வீணையின் தந்திகளை இப்போது பாருங்கள். மரபான அமைப்பில் சாரணி, பஞ்சமம் ஆகிய இரண்டும் எஃகு. மந்தரம், அனுமந்தரம் ஆகிய இரண்டும் பித்தளை. பக்கவாட்டில் தாளத்துக்கென மூன்று எஃகுத் தந்திகள். கிதாருக்கென்று செய்த நல்ல மின்காது ஒன்றை விலை கொடுத்து வாங்கி இந்த வீணையில் வைத்தால் என்ன ஆகும்? மேல் தந்திகள் இரண்டும் கணீரென்று ஒலிக்கும். கீழ்த் தந்திகள் இரண்டும் ஊமையாகிவிடும். தாளத் தந்திகள் எஃகுதான், ஆனால் அவை பக்கத்தில் விலகி ஓடுவதால் காந்தத்தின் எல்லைக்குள் வருவதில்லை. ஏழு தந்திகளில் இரண்டைக் கேட்கும் காது! ஆகவே காந்த மின்காது வேண்டுவோர் கீழ்த் தந்திகளுக்கு எஃகு நடுக்கம்பியின் மேல் வேறு உலோகம் சுற்றிய தந்திகளைப் போட வேண்டும். சுற்று செம்பாகவோ வெண்கலமாகவோ இருந்தால் மின்காது நடுக்கம்பியை மட்டுமே உணரும். நிக்கல் சுற்றாக இருந்தால் சுற்றையும் உணரும். தந்தியை மாற்றினால் நாதமும் மாறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே வைப்பது?

வீணைக்கு 24 நிலையான மெட்டுகள். இந்த அமைப்பு தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது என்பது மரபு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக, 24 மெட்டு என்றால் இரண்டு ஸ்தாயி. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் தந்தியின் நீளம் பாதியாகிறது. எனவே கடைசி மெட்டிலிருந்து குதிரை வரை எஞ்சுவது முழு நீளத்தில் கால் பங்கே. திறந்த தந்தி 80 செ.மீ. என்று கொண்டால் எஞ்சும் இடம் 20 செ.மீ. வலக்கை விரல்கள் மீட்டுவதும் அங்கேதான்; மின்காது நுழைய வேண்டியதும் அங்கேதான்.

நடுவில், குதிரையிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைப்போம். அதிரும் தந்தியில் அடிப்படைச் சுரத்துடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் அசையாத இடங்கள், அதாவது கணுக்கள், உண்டு. திறந்த தந்தியில் 10 செ.மீ. என்பது எட்டில் ஒரு பங்கு. எண்மடங்கு மேற்சுரத்தின் கணு அங்கே விழுகிறது. மின்காது அதைக் கேட்காது. பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் தந்தி 40 செ.மீ.; இப்போது நான்மடங்கு மேற்சுரம் காணாமற்போகும். கடைசி மெட்டில் தந்தி 20 செ.மீ.; மின்காது சரிபாதியில் இருக்கிறது; இருமடங்கு மேற்சுரமே போய்விடும். ஆக, மேலே செல்லச் செல்ல வீணையின் குரல் நிறம் மாறிக்கொண்டே வரும். குதிரையை ஒட்டி 4, 5 செ.மீ. தூரத்தில் வைத்தால் இந்தக் குறை கணிசமாகக் குறையும். ஆனால் அங்கே தந்தியின் அசைவு சிறிது. குரல் மெலிந்து கூர்மையாக இருக்கும்.

இந்த இடத்தில் நம் காவிரிக் கரைக்காரர் ஒருவரை நினைவுகூர வேண்டும். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி. இராமன், ஒளிச்சிதறலைத் தொடுமுன்பு இசைக்கருவிகளை ஆராய்ந்தவர். தந்தியை எந்த இடத்தில் சுண்டுகிறோமோ அந்த இடத்தில் கணுவை உடைய மேற்சுரம் எழாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் இந்த விதி பொய்க்கிறது என்று 1921-இல் வெளியான கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார். எழக்கூடாத மேற்சுரம் இவற்றில் பலமாகவே எழுகிறது. காரணம் குதிரை. வயலின் குதிரைபோல் கூரான விளிம்பாக இல்லாமல், மெல்ல வளைந்த பரப்பாக அது இருக்கிறது. தந்தி அதன்மேல் படிந்து படிந்து எழுகிறது. அந்தப் பரப்பைத் தேய்த்துச் சரிசெய்யும் ஆசாரியின் கைத்திறனில்தான் வீணையின் நாதச் செழுமை அடங்கியிருக்கிறது. அப்படி அரும்பாடுபட்டு எழுப்பிய மேற்சுரத்தை, இடம் பார்க்காமல் வைத்த மின்காது விழுங்கிவிட்டால் என்ன பயன்?

கமகத்தைப் பற்றியும் ஒரு சொல். வீணையில் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து அடுத்த சுரங்களைப் பிடிக்கிறோம். பன்னிரண்டாம் மெட்டில் 2 செ.மீ. இழுத்தால், குதிரையிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் தந்தி 5 மி.மீ. விலகும். தந்திக்கு ஒரு காந்தக் குமிழ் என்று அமைந்த மின்காதில் தந்தி குமிழை விட்டு விலகி, சரியாகக் கமகத்தின் உச்சியில் ஒலி குன்றும். குறுக்கே ஒரே பட்டையாக அமைந்த காந்தம் வீணைக்குப் பொருத்தம். காந்தத்தைத் தந்திக்கு மிகவும் நெருக்கியும் வைக்கக் கூடாது. அது தந்தியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கெடுக்கும்.

காந்தச் சுருளுக்கு இன்னொரு பகை நம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரிலிருந்தும் டியூப்லைட் சோக்கிலிருந்தும் காந்தப் புலமாகப் பரவி, சுருளில் 'ம்ம்ம்' என்ற முனகலை உண்டாக்கும். சாரணி 160 ஹெர்ட்ஸ் என்றால் அனுமந்தரம் 60. முனகல் அதற்கு அண்டை வீட்டிலேயே குடியிருக்கிறது. 1955-இல் செத் லவர் என்னும் பொறியாளர் இதற்கு அழகான மாற்றுக் கண்டார். இரண்டு சுருள்கள், எதிரெதிராகச் சுற்றியவை. அவற்றின் காந்தங்களும் எதிரெதிர். முனகல் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடும். கூடுதல் செலவானாலும் இந்த இரட்டைச் சுருள் வகையே நல்லது.

பித்தளையும் பேச வேண்டுமானால்

காந்தம் வேண்டாம் என்பவர்களுக்கு இருப்பது, இசைவாணர்கள் 'கான்டாக்ட் மைக்' என்று அழைக்கும் தொடு மைக். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் எழும் என்பதை 1880-இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இன்று அந்த வேலையைச் செய்வது காசு அளவிலான பீங்கான் வில்லை. மேல்பலகையில் ஒட்டினால் பலகையின் நடுக்கத்தை நேரே மின்சாரமாக்கும். எஃகென்றும் பித்தளையென்றும் அதற்குப் பேதமில்லை. தாளத் தந்தியும் கேட்கும். குடத்தின் குணமும் ஓரளவு வரும். தந்தியின்மேல் விரல் வழுக்கும் கிரீச்சொலியும் கூடவே வரும்.

ஆனால் தொடு மைக் வைத்த பலரும் "தகரத்தில் தட்டுவதுபோல் இருக்கிறது" என்று குறைப்படுகிறார்கள். பழி வில்லையின்மேல் விழுகிறது. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் இணைப்புதான். வில்லை மின்சார முறையில் ஒரு மின்தேக்கி. அதன் அளவு 10 நானோபாரட் என்றும், மைக் செட்காரர் அதை நேரே செருகும் மிக்சரின் உள்தடை 10,000 ஓம் என்றும் வைத்துக் கணக்கிடுங்கள். சுமார் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை எல்லாம் படிப்படியாகத் தேய்ந்துவிடும். 160 ஹெர்ட்ஸ் சாரணி பத்தில் ஒரு பங்காகும்; 60 ஹெர்ட்ஸ் அனுமந்தரம் 26-இல் ஒரு பங்கு. எஞ்சுவது மேற்சுரங்களின் கிணுகிணுப்பு மட்டும். இடையே 10 லட்சம் ஓம் உள்தடை கொண்ட சிறு முன்பெருக்கி ஒன்றை வைத்தால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வீணை தன் முழுக்குரலையும் பெறும். விலையுயர்ந்த மைக்கைத் தேடுமுன் இந்தச் சிறு பெட்டிக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

காந்த மின்காதில் கர்நாடக இசை தழைக்காது என்று எண்ணிவிட வேண்டாம். 2014-இல் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ், நான்கு இரட்டைத் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்மாண்டலினில் சிறுவயதிலேயே சபைகளை வியக்க வைத்தார். பிரசன்னா மின்கிதாரில் கீர்த்தனைகளை வாசிக்கிறார். ஆனால் அவை தொடக்கத்திலேயே மின்கருவிகளாக அமைந்தவை. கட்டை உடலுடைய மின்கிதாரில் மின்காதுதான் பெரும்பாலும் குரல். அதை மாற்றினால் கருவியே புதிதாகிவிடும். வீணைக்குக் குடம் இருக்கிறது. பலாமரத்தைத் தேர்ந்து, உலர்த்தி, குடைந்து செய்த அந்தக் குடத்துக்காகத்தானே புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையைத் தேடி வருகிறார்கள்? அதன்மேல் காந்தத்தை வைத்து எஃகுத் தந்திகளை மட்டும் கேட்பதானால் குடம் பெரும்பாலும் அலங்காரம் ஆகிவிடும். ஒலிபெருக்கி அருகில் இருந்தால் குடம் அந்த ஒலிக்கே நடுங்கி ஊளையையும் கிளப்பும்.

அமைதியான சபைக்கு, குடத்தின் முன்னே ஒரு நல்ல சாதாரண மைக்கே போதும் என்பது என் கருத்து. மண்டபத்துக்கும் திருவிழாப் பந்தலுக்கும் தொடு மைக்கும் முன்பெருக்கியும். காந்த மின்காதுதான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் மேளம் கட்டுமுன்பே ஆசாரியிடம் சொல்லிவிட வேண்டும். தந்தி மாறினால் இழுவிசை மாறும், மெட்டுகளின் இடமும் அதற்கேற்பச் சிறிது நகரும்.

எதுவாயினும் மேல்பலகையில் துளையிட மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். தொடு மைக்கை ஒட்ட ஒரு பொட்டுத் தேன்மெழுகு போதும். குதிரைக்கு அருகே ஓரிடம், பலகையின் ஓரத்தில் ஓரிடம் என்று நாலைந்து இடங்களில் ஒட்டி வாசித்துப் பாருங்கள். ஒவ்வோரிடத்திலும் வீணை வேறு வேறு குரலில் பேசும். பிடித்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கச்சேரி முடிந்ததும் ஒரு நூலை மெழுகுக்கடியில் செலுத்தி அறுத்தால் வில்லை தனியே வந்துவிடும்.