பயிற்சியாளருக்கு மறதி வந்த வருஷம்

கூடைப்பந்து என்றதும், "இது நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பந்தில் ஆரம்பித்தாலும் நம் ஒவ்வொருவர் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேருகிற விஷயம் இது.

அமெரிக்காவில் டென்னஸி பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பெண்கள் கூடைப்பந்து அணி உலகப் பிரசித்தம். 38 வருஷம் அதற்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் பாட் சம்மிட் என்ற பெண்மணி. அவருடைய கடைசி வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்த வருஷம் அவர் கோப்பை எதையும் நாட்டுக்கே முதலாவதாக வந்து வாங்கவில்லை. ஆனால் எட்டுக் கோப்பை வாங்கிய வருஷங்களைவிட, அந்த ஒரு வருஷம்தான் எனக்குப் பாடமாக அமைந்தது.

என் மகள் கல்லூரி டீமில் கூடைப்பந்து ஆடுகிறாள். அவள்தான் இந்த அம்மாளைப் பற்றி முதலில் சொன்னாள். அவள் சொன்ன சமயம் அப்படி. என் மாமியாருக்கு வந்திருப்பது வெறும் வயசு மறதி இல்லை, அல்ஸைமர் என்ற வியாதி என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெளியில் சொல்வதா, மூடி வைப்பதா என்று வீட்டில் ஒரே குழப்பம். அதனால் மகள் சொல்லச் சொல்ல, கையில் எடுத்த தோசைத் திருப்பியோடு கேட்டுக் கொண்டே நின்றுவிட்டேன்.

மாட்டுப் பண்ணையில் வளர்ந்த பெண்

பாட் சம்மிட் 1952-ல் டென்னஸி மாநிலத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். மூன்று அண்ணன்மார்களோடு சரிக்குச் சரியாகப் பண்ணை வேலை செய்து, அவர்களோடேயே பந்தாடி வளர்ந்தவர். அவர் படிக்க வேண்டிய பள்ளியில் பெண்களுக்கு டீம் கிடையாது என்று, குடும்பமே டீம் இருக்கிற பக்கத்து ஊருக்குக் குடி போயிற்றாம். பெண்ணின் விளையாட்டுக்காக வீடு மாற்றிய தகப்பனாரை அந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது!

1974-ல், 22 வயதில், டென்னஸி பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். சம்பளம் மாதம் 250 டாலர். ஆட்டக்காரப் பெண்களுக்கும் அவருக்கும் வயசு வித்தியாசமே அதிகம் இல்லை. டீமின் சீருடைகளைத் துவைப்பதும் அவர்தான், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டிப் போவதும் அவர்தான். 1976 ஒலிம்பிக்கில், பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, அமெரிக்க அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 1984-ல் அதே அமெரிக்க அணிக்குப் பயிற்சி கொடுத்துத் தங்கம் வாங்க வைத்தார். 1998-ல் அவருடைய கல்லூரிப் பெண்கள் 39 ஆட்டம் ஆடி 39-லும் ஜெயித்தார்கள்.

1990-ல் நிறைமாதக் கர்ப்பிணியாக, ஒரு பெண்ணைத் தம் டீமுக்குச் சேர்க்க வெளி மாநிலத்துக்குப் போனார். பேசிக் கொண்டிருக்கும்போதே பிரசவத்துக்கான அறிகுறி தெரிந்துவிட்டது. பிள்ளை பிறந்தால் டென்னஸியில்தான் பிறக்க வேண்டும் என்று விமானம் ஏறி வந்து சேர்ந்தார். மகன் டைலர் அங்கேயே பிறந்தான். அப்படிப்பட்ட வைராக்கியம்!

தாய்மார்களுக்குப் பிடித்த இன்னொரு சங்கதி. அவரிடம் நான்கு வருஷமும் முழுதாக ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கிக் கொண்டுதான் வெளியே போனார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

சாவி எங்கே வைத்தேன்?

இத்தனை கெட்டிக்காரிக்கு, 58 வயதில், சின்னச் சின்னதாகத் தடுமாற்றம் ஆரம்பித்தது. சாவியை வைத்த இடம் தெரியவில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்பது நினைவில்லை. ஆட்டத்தின் நடுவில் எந்த முறையில் ஆடச் சொல்வது என்பது சட்டென்று மனசில் வராமல் நின்றது. மூட்டுவாதத்துக்குச் சாப்பிடுகிற மருந்தினால்தான் இப்படி என்று முதலில் நினைத்திருக்கிறார். 2011 மே மாதம் பிரபலமான மேயோ கிளினிக்கில் பரிசோதனைகள் செய்தார்கள். அல்ஸைமர் வகை மறதி நோய், அதுவும் 65 வயசுக்கு முன்னாலேயே வருகிற வகை என்று தெரிந்தது. உடனே வேலையை விட்டுவிடுங்கள் என்று சொன்ன டாக்டரும் உண்டு. அவர் விடவில்லை.

2011 ஆகஸ்ட் 23-ந் தேதி தம் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விஷயத்தைத் தம் வாயாலேயே சொன்னார். அன்றைக்கே ஊரறியவும் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகமும், "நீங்களே இருங்கள்" என்றது.

எப்படி நடந்தது அந்த வருஷம்?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அவர் முன்போலவே எல்லாவற்றையும் தாமே சுமக்கவில்லை. கூட இருந்த துணைப் பயிற்சியாளர்கள் மூன்று பேர் வேலையைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் ஹாலி வார்லிக். ஒரு காலத்தில் பாட்டிடமே ஆடிய பெண், பிறகு 27 வருஷம் அவர் பக்கத்திலேயே இருந்தவர். ஆட்டம் நடக்கும்போது முடிவெடுப்பது, முடிந்ததும் பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது இவற்றில் பெரும் பகுதியை அவர் ஏற்றுக் கொண்டார். பாட் வழக்கம் போலத் தம் நாற்காலியில் இருந்தார். பயிற்சிக்கு வந்தார், பெண்களைக் கூப்பிட்டுத் தட்டிக் கொடுத்தார், தேவைப்பட்டபோது முறைத்தார். அந்த முறைப்பு நாடறிந்தது!

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொன்னால் அது பொய். நோட்டர்டேம் அணியிடம் 28 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். தென் கரோலினா அணியிடம் சொந்த ஊரிலேயே தோற்றார்கள். மொத்தம் 36 ஆட்டத்தில் 9 தோல்வி. வேறு டீமுக்கு இது நல்ல கணக்கு. ஜெயித்தே பழகிய இவர்களுக்கு உறுத்தல்தான். இருபது வயசுப் பெண்கள், ஒரு பக்கம் படிப்பு, ஒரு பக்கம் ஆட்டம், இன்னொரு பக்கம் அம்மா மாதிரி இருந்தவர் கண்ணெதிரே மாறிக் கொண்டு வருகிறார். தோற்றுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும்?

ஆனால், சொல்லிவிட்டதனால் ஒரு நன்மை விளைந்தது. 'பாட் பக்கம் நாங்கள்' என்ற பொருளில் எழுதிய பனியன்களைப் போட்டுக் கொண்டு ஜனங்கள் வந்தார்கள். ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க, வழக்கமாக எதிர்த்து ஆடும் கல்லூரிகளே சேர்ந்து அவருக்காக அனுசரித்தன. மறைத்திருந்தால் இத்தனை கைகள் நீண்டிருக்குமா?

2012 மார்ச்சில் தங்கள் வட்டாரக் கோப்பையை ஜெயித்தார்கள். பிறகு தேசியப் போட்டி. கடைசி நான்கு அணிகளுக்குள் போக ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. மார்ச் 26-ந் தேதி பெய்லர் அணியிடம் 77-58 என்று தோற்றார்கள். பெய்லர் அந்த வருஷம் 40 ஆட்டமும் ஜெயித்து முதலாவதாக வந்த அணி. நான்கு வருஷமும் பாட்டிடம் ஆடிவிட்டு ஒரு முறைகூடக் கடைசி நான்குக்குள் வராமல் போன முதல் கோஷ்டி, அந்த வருஷத்து மூத்த பெண்கள்தான். பாவம், அழுதுவிட்டார்கள்.

அதுவே பாட் நடத்திய கடைசி ஆட்டமும் ஆயிற்று. ஏப்ரல் 18-ந் தேதி பொறுப்பை ஹாலியிடம் ஒப்படைத்தார். மொத்தம் 1,098 வெற்றி. கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில், ஆணோ பெண்ணோ, அதுவரை எந்தப் பயிற்சியாளரும் எட்டாத எண்ணிக்கை. பின்னால் வந்தவர்கள் அதைத் தாண்டினார்கள். 2016 ஜூன் 28-ந் தேதி, 64 வயதில், அவர் காலமானார். வியாதியை யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் அதை ஒளித்து வைத்துக் கொண்டு ஒரு மூலையில் உட்காரவும் இல்லை.

நம் வீட்டுக் கதை

இங்கே எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அத்தைக்கு 73 வயசு. ஐம்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்தவர். ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போடுவதில் ஆரம்பித்து, பழகின கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றது வரைக்கும் வந்துவிட்டது.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் என் நாத்தனார் கையைப் பிடித்துக் கொண்டாள். "அண்ணி, தயவு பண்ணி வெளியிலே சொல்லிடாதீங்க. என் பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கேன். பரம்பரை வியாதின்னு கதை கட்டிடுவாங்க" என்றாள். அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. டாக்டரிடமே கேட்டோம். வயசான பிறகு வருகிற வகை பெரும்பாலும் அப்படி நேராகப் பரம்பரையாக இறங்குவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். இள வயதில் வருகிற சில அபூர்வமான குடும்பங்களில்தான் நேராக இறங்குகிறது என்று விளக்கினார்.

அதன் பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பாட் சம்மிட்டின் டீம் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். மாத்திரை கொடுப்பது என் கணவர் பொறுப்பு. பாங்க், பென்ஷன் கணக்கு கொழுந்தனார் பொறுப்பு. மாதத்தில் ஒரு வாரம் நாத்தனார் வந்து இருப்பாள். அந்த வாரம் எனக்கு ஓய்வு. சாயங்காலம் பாட்டியோடு நடப்பது என் மகள் வேலை. அத்தைக்கும் வேலை உண்டு. கீரை ஆய்வது, பூக்கட்டுவது. கட்டிய பூவையே அவிழ்த்து மறுபடி கட்டினாலும் நாங்கள் தடுப்பதில்லை.

சம்பந்தம் பேச வந்தவர்களிடம் நாத்தனாரே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுப் பெரியவருக்கும் இப்படித்தாங்க" என்றாராம் பையனின் தாயார். தெருவில் பூக்காரம்மா, மளிகைக் கடைக்காரர், கோயில் குருக்கள் எல்லாருக்கும் தெரியும். அத்தை தனியாக வாசல் தாண்டினால் யாராவது ஒருவர் கைபிடித்துக் கொண்டு வந்து விட்டுவிடுகிறார்கள்.

தெரிந்து கொள்ளுங்கள்

நம் நாட்டில் 60 வயசு தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சுமார் 88 லட்சம் பேர்! ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாம். ஆகையால் இந்த விவரங்கள் எல்லா வீட்டுக்கும் வேண்டியவை.

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் உள்ளதுதான். கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் விழிப்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் ஐந்து தரம் கேட்பது, பழகின சமையலில் வரிசை தப்புவது, பழகின தெருவில் வழி தப்புவது, சில்லறைக் கணக்கில் தடுமாறுவது, குணமே மாறுவது - இவை தென்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லா மறதியும் அல்ஸைமர் அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் இவற்றாலும் ஞாபகம் குன்றும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ரத்தப் பரிசோதனையில் பி12 தெரிந்துவிடும். பால்கூட அதிகம் சாப்பிடாத சைவக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அல்ஸைமரை அடியோடு குணப்படுத்த மருந்து இல்லை. அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணித்து வைக்கிற மாத்திரைகள் உண்டு. ஆரம்ப நிலையில் வேகத்தைச் சற்றுக் குறைக்கிற புது ஊசி மருந்துகளும் சில ஆண்டுகளாக வந்திருக்கின்றன. யாருக்குப் பொருந்தும் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

நடுத்தர வயதிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றைக் கட்டுக்குள் வைத்துக் கொள்ளுங்கள். காது மந்தமானால் கருவி வைத்துக் கொள்ள வெட்கப்படாதீர்கள். தினம் நடங்கள், நாலு பேரோடு பேசிப் பழகுங்கள். இப்படிப்பட்ட பதினான்கு விஷயங்களைக் கவனித்தால் மறதி நோயில் கிட்டத்தட்ட பாதியைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்று 2024-ல் உலக நிபுணர் குழு ஒன்று கணக்கிட்டிருக்கிறது.

நோயாளியோடு வாதாடாதீர்கள். "இப்பத்தானே சொன்னேன்!" என்ற வார்த்தை அவர்களைச் சுருங்க வைக்கும். பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவர்கள் மேலேயே இருக்கட்டும். பத்திரம், பாங்க் விவகாரங்களை அவர்களுக்குத் தெளிவு இருக்கும்போதே கலந்து பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

முக்கியமாக ஒன்று, சகோதரிகளே. வீட்டில் ஒருவருக்கு இந்த வியாதி வந்தால், பார்த்துக் கொள்வது மருமகள் ஒருத்தியின் தலையில் விழுகிறது. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தை ஒருத்தியே ஆட முடியுமா? மூடி வைத்தால் உதவிக்கு யார் வருவார்கள்? வாய் திறந்து சொல்லுங்கள். வேலையைப் பங்கு போடுங்கள். அந்தப் பெரியவருக்கும் அவரால் முடிந்த ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்.