கடை வாடகைக்கு முன்னால் கட்டட வரைபடம்

பணி ஓய்வில் வந்த பணம், ஊரில் நிலம் விற்ற பணம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிச் சேர்ந்த பணம். இதை எங்கே போடுவது என்ற பேச்சு சென்னை வீடுகளில் எழுந்தால், வங்கி வட்டி, தங்கம் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் "பேசாமல் ஒரு கடை வாங்கிப் போட்டுவிடலாமே" என்பதில் வந்து நிற்கும். தி.நகர், அண்ணா நகர், நுங்கம்பாக்கம் போலக் காசு புழங்கும் இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்பார்கள். கீழே கடைகள், முதல் மாடியில் வங்கியோ கிளினிக்கோ, அதற்கு மேலே வீடுகள். இப்படி வணிகமும் குடியிருப்பும் கலந்த கட்டடங்கள்தான் இந்தப் பகுதிகளில் அதிகம் விலைக்கு வருகின்றன.

வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு வாடகை வரும்?" அடுத்து, "பத்திரம் கிளியரா?" இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ (சிஎம்டிஏ) மாநகராட்சியோ அனுமதித்த வரைபடத்தில் இந்த இடம் என்னவாக இருக்கிறது? கடையா, வீடா, கார் நிறுத்துமிடமா? பத்திரம் சுத்தமாக இருக்கலாம், வாடகைக்கு இருப்பவர் பெரிய நிறுவனமாகவும் இருக்கலாம். வரைபடம் மட்டும் தப்பாக இருந்தால் போட்ட முதல் மொத்தமும் போய்விடும்.

உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சாஸ்திரி நகர்ப் பகுதியில் அதுதான் நடந்தது. மாநில வீட்டு வசதி வாரியம் குடியிருப்புக்கென ஒதுக்கிய மனையில் அனுமதி இல்லாமல் கடைகள் எழுந்தன. வாரியம் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பியது. வியாபாரம் அது பாட்டுக்கு நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இடிப்பு ஆணையை உறுதி செய்தது. பல ஆண்டுகள் ஓடிவிட்டன, பணம் போட்டாகிவிட்டது, அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள் என்ற வாதங்கள் எதுவும் எடுபடவில்லை. காலி செய்ய மூன்று மாதம் தரப்பட்டது. 2025 அக்டோபரில் அந்த வளாகம் இடிக்கப்பட்டது.

அந்தத் தீர்ப்பு மீரட்டோடு நிற்கவில்லை. நாடு முழுவதற்கும் பொருந்தும் கட்டளைகள் அதில் உள்ளன. நிறைவுச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக் கூடாது. அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் உரிமம் கொடுக்கக் கூடாது. வங்கிகள் சான்றுகளைச் சரிபார்த்த பிறகே அடமானக் கடன் தர வேண்டும். அனுமதி மீறிக் கட்டிய கடையை நீங்கள் வாங்கினால், நாளை வருகிற வாடகைதாரருக்கு உரிமம் கிடைக்காமல் போகலாம். விற்க நினைத்தால், வாங்க வருகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போகலாம். யாரும் இடிக்க வராமலேயே சொத்து முடங்கிவிடும்.

சென்னைக்கு இது புதிதல்ல. 2011 தீபாவளி முடிந்த சில நாள்களில், அக்டோபர் கடைசியில், ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறல் கட்டடங்களுக்கு சீல் வைத்தார்கள். பெரிய கடைகளோடு அதே கட்டடத்தில் இருந்த சின்னக் கடைகளின் ஷட்டர்களும் இறங்கின. உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது 2012 ஜனவரியில்தான். பல மாடி முதலாளி அதைத் தாங்கிவிடுவார். ஒரே ஒரு கடை வாடகையை நம்பி மருந்துச் செலவு பார்க்கும் ஓய்வூதியர் தாங்குவாரா? 2017 மே 31 அன்று அதே உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்து, பிறகு இடித்துத் தள்ளப்பட்டதையும் நாம் பார்த்தோம். தீயணைப்பு வண்டி சுற்றி வர வழி இருக்கிறதா என்பது அரசாங்கத்தின் கவலை மட்டும் அல்ல. சொத்தை வாங்குகிறவரின் கவலையும்தான்.

வணிகமும் வீடும் கலந்த கட்டடத்தில் நடக்கும் மிகப் பெரிய மீறல், தரைத்தள கார் நிறுத்துமிடத்தைக் கடையாக மாற்றி விற்பது. நேரில் போனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். கடையின் கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். கடைக்கு நடுவிலோ பக்கச் சுவரை ஒட்டியோ தடித்த தூண் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்க, அவர்களுடைய கார்கள் தெருவில் நிற்கும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்தால், வரைபடத்தைக் கையில் வாங்கும்வரை அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள். கட்டடத் தூண்களுக்கு இடையே தரைத்தளத்தில் விடும் ஸ்டில்ட் பார்க்கிங் பொதுப் பயன்பாட்டு இடம், அதைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை என்று 2010-இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அனுமதி வரைபடத்தின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் என்ன பயன்பாடு என்று எழுதியிருக்கும். அனுமதி எண்ணை வைத்து சிஎம்டிஏவிடமோ மாநகராட்சியிடமோ சரிபாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தும் கேட்கலாம். அதோடு நிறைவுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். சிறிய கட்டடங்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால், "விலக்கு உண்டு சார்" என்று தரகர் சொல்வதை நம்பாமல், பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போய் அளக்கச் சொல்லுங்கள். "பேங்க்கே லோன் தருகிறது, அப்புறம் என்ன?" என்பார்கள். வங்கி பார்ப்பது தன் கடனுக்கு உள்ள பாதுகாப்பை. உங்கள் சொத்துக்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

பத்திரத்துக்கு வருவோம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். நிலுவையில் உள்ள வழக்கோ பதிவாகாத ஒப்பந்தமோ அதில் தெரிய வேண்டும் என்றில்லை. மையப் பகுதிகளில் கோயில், வக்ஃபு, அறக்கட்டளை நிலங்கள் கலந்திருப்பதால் மூலம் வரை போய்ப் பார்க்கும் வழக்கறிஞர் தேவை.

கடை வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது பிரிக்கப்படாத மனைப் பங்கில், அதாவது யூடிஎஸ்ஸில். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு கிரவுண்டு மனை, 4,800 சதுர அடி. அதன் மேல் மொத்தக் கட்டடம் 12,000 சதுர அடி. நீங்கள் வாங்கும் கடை 600 சதுர அடி என்றால் உங்களுக்கு வர வேண்டிய மனைப் பங்கு 240 சதுர அடி. பத்திரத்தில் 150 என்று போட்டிருந்தால் மிச்சம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அனுமதிக்கு மேல் ஒரு மாடி எழுப்பியிருந்தாலும், மொட்டை மாடியில் பில்டர் தனக்கென்று பங்கு வைத்துக்கொண்டிருந்தாலும் இந்தக் கணக்கில்தான் அகப்படும். நாளை கட்டடம் பழசாகி மறுகட்டுமானம் வரும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்த மனைப் பங்குதான். 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. மேலே வீட்டுக்காரர்கள் பத்துப் பேர், கீழே கடைக்காரர்கள் இரண்டு பேர் என்றால் உங்கள் குரல் எவ்வளவு தூரம் எடுபடும் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். அதே போல, 600 சதுர அடி என்று விலை பேசுகிற கடையின் சுவருக்குள் அளந்தால் 400 கூடத் தேறாமல் போகலாம். புதிய திட்டங்களில் சுவருக்குள் உள்ள இந்தக் கார்பெட் பரப்பளவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது சட்டம்.

இனி வாடகை. கடை ஒன்றரைக் கோடி, வாடகை மாதம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று 13.5 லட்சம் சேர்த்தால் செலவு 1 கோடியே 63.5 லட்சம். ஆண்டு வாடகை 7.2 லட்சம், சுமார் 4.4%. சொத்து வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் இதில் கழிய வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இந்த முதலீடு நிற்கிறது. மாதச் சாப்பாட்டுக்கு வருமானம் தேவைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

"ஏற்கெனவே வாடகைக்கு விட்டாச்சு, நல்ல பார்ட்டி" என்று விற்கப்படும் கடைகளில் இன்னொரு ஆபத்து. விற்பவரின் உறவினரோ கூட்டாளியோ சந்தை நிலவரத்தைவிட உயர்ந்த வாடகைக்கு ஓராண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வாடகையைக் காட்டி விலை ஏற்றப்படும். பத்திரம் முடிந்த சில மாதங்களில் அவர் காலி செய்துவிடுவார். எனவே குத்தகைப் பத்திரத்தின் அசலைப் பாருங்கள். வாடகை வங்கிக் கணக்கில் வந்த விவரத்தைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு கடைகளில் வாடகை விசாரியுங்கள். வாடகைதாரர் கொடுத்த அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். அவர் காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. பதிவு செய்யாமல் பத்திரத்தாளில் எழுதி அலமாரியில் வைத்திருப்பவர்கள், வாடகை பாக்கி விழுந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போதுதான் அதன் பலவீனத்தை உணர்கிறார்கள்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்து என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். வணிக வாடகைக்கு ஜிஎஸ்டி 18%. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெறாதவராகவும் வாடகைதாரர் வழக்கமான பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை அவரே கட்ட வேண்டும். நிறைவுச் சான்று கிடைத்த பிறகு பில்டர் விற்கும் கடைக்கு ஜிஎஸ்டி இல்லை.

கட்டி முடிக்கும்வரை ஆண்டுக்கு 12% கணக்கில் மாதாமாதம் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். வங்கியே அவ்வளவு தராதபோது அது எங்கிருந்து வரும்? உங்கள் பணத்திலிருந்தோ அடுத்து வருகிறவரின் பணத்திலிருந்தோதான் வரும். ஒழுங்குமுறை இல்லாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பணம் சிக்கிக்கொண்டால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போகத் தயங்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் எங்கே போவது? பலர் நுகர்வோர் நீதிமன்றம் என்பார்கள். வணிக நோக்கத்தில் வாங்கியவரை நுகர்வோராகச் சட்டம் ஏற்பதில்லை. சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. வாடகைக்கு விடக் கடை வாங்கியவரின் மனு அங்கே வாசலிலேயே நின்றுவிடக்கூடும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் அந்தத் தடை இல்லை. அதில் 'அபார்ட்மென்ட்' என்பதன் பொருளுக்குள் கடை, ஷோரூம், அலுவலகம், கிடங்கு எல்லாம் அடங்கும். மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ, அலகுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் தரும் உரிமைகள் சாதாரணமானவை அல்ல. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10%-க்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வாங்குநர்களின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் கட்டட வரைபடத்தை மாற்ற முடியாது. கார் நிறுத்துமிடத்தைக் கடையாக்குவதைத் தடுக்க மாடி வீட்டுக்காரர்களுக்கும் இது ஆயுதம். சொன்ன தேதியில் கடையைத் தராவிட்டால் விலகி, வட்டியோடு பணத்தைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்த வட்டி ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் என்ற கடன் வட்டி விகிதத்தோடு 2% சேர்ந்தது. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் பில்டர் செலவில் சரிசெய்ய வேண்டும்.

தனி ஒருவரிடமிருந்து பழைய கடையை வாங்கியிருந்தால் ரெரா உதவாது. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியக் குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஆனால், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியும் குறைக்கு அது பொருந்தாது. அதனால்தான் கிரயப் பத்திரத்தில் வரைபட அனுமதி எண்ணையும், மீறல் எதுவும் இல்லை என்ற விற்பவரின் உறுதியையும், இருந்தால் இழப்பை ஈடுகட்டுவார் என்ற வாசகத்தையும் எழுதச் சொல்கிறேன். சிவில் வழக்கில் அந்த வரிகள் கை கொடுக்கும்.

ரெராவில் பணத்தைத் திரும்பக் கேட்க, வட்டி கேட்க, பணியை முடிக்கச் சொல்லப் படிவம் எம். இழப்பீட்டுக்குப் படிவம் என். ரசீதுகள், ஒப்பந்தம், விளம்பரத் துண்டறிக்கை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். பொய் விளம்பரத்தை நம்பி வாங்கினாலும் பணம் திரும்பக் கேட்க முடியும் என்பதால் அந்தத் துண்டறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஆணை உங்களுக்குச் சாதகமாக வந்தும் பில்டர் கொடுக்கவில்லை என்றால், அந்தத் தொகையை நில வருவாய் பாக்கிபோல ஆட்சியர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி வசூலிக்கக் கேட்கும் மனுவோடு அதே பில்டர் இன்னும் விற்காமல் வைத்திருக்கும் கடைகள், வீடுகளின் பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். எதை ஜப்தி செய்வது என்று வருவாய்த் துறை தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.