மொட்டை மாடிக்குச் சாப்பாட்டு மேசை: வாங்கும் முன் எக்ஸெலில் போட்டுப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்ஸெலை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் கணக்குக்கு, நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுகிறார்கள். உண்மையில் எக்ஸெல் என்பது கட்டம் போட்ட ஒரு பெரிய தாள். அதில் வீட்டு பிளானும் வரையலாம். மாலையில் காற்றாட மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை வாங்கப் போகிறீர்களா? முதலில் அதை எக்ஸெலில் போட்டுப் பாருங்கள்.

கடையிலோ இணையத்திலோ பார்க்கும்போது எந்த மேசையும் நம் வீட்டுக்குப் பொருந்தும் போலத்தான் தெரியும். மேலே ஏற்றிய பிறகு நாற்காலியைப் பின்னால் இழுக்க இடமில்லை என்றால் பணம் வீண். மேசையின் அளவை விட, அதைச் சுற்றி வேண்டிய இடமே முக்கியம்.

கட்டத்தைத் தயார் செய்யுங்கள்

எக்ஸெலில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, கன்ட்ரோல் + ஏ அழுத்தி முழு ஷீட்டையும் செலக்ட் செய்யுங்கள். மேலே ஏதாவது இரண்டு காலம் எழுத்துகளுக்கு இடையிலுள்ள கோட்டை மவுஸால் பிடித்து இழுத்தால், அகலம் எத்தனை பிக்சல் என்று காட்டும். 20 பிக்சலில் விடுங்கள். இடப்பக்கம் ரோ எண்களுக்கு இடையிலுள்ள கோட்டையும் அதேபோல 20 பிக்சல் ஆக்குங்கள். எல்லா செல்களும் சதுரமாகிவிடும்.

எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். அதில் ஃபார்மட் மெனு மூலம் ரோ உயரம், காலம் அகலம் இரண்டையும் 0.5 செ.மீ. என்று கொடுங்கள்.

இனி ஒரு கட்டம் என்பது அரை அடி. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஓர் உதாரணம்

மாடியில் 12 அடி நீளம், 10 அடி அகலமுள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 24 கட்டம், கீழ்நோக்கி 20 கட்டம். சுற்றிலும் தடித்த பார்டர் போடுங்கள். வலப்பக்க மேல் மூலையில் 4 அடிக்கு 4 அடி தண்ணீர்த் தொட்டி. 8 x 8 கட்டங்களுக்கு ஃபில் கலர் மூலம் நீலம் கொடுங்கள். தொட்டியை ஒட்டி அதே பக்கத்தில் 3 அடிக் கதவு, மாடிப்பக்கமாகத் திறக்கிறது. அதற்கு 6 x 6 கட்டம் சாம்பல் நிறம்.

இப்போது 5 x 3 அடி மேசை. 10 x 6 கட்டம், பழுப்பு நிறம். சாப்பிட ஒருவருக்கு 2 அடி நீளம் வேண்டும். ஆகவே 5 அடிப் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நாற்காலியை இழுத்து எழுந்திருக்கப் பின்னால் 3 அடி விட வேண்டும். மேசையின் இரு நீளப் பக்கங்களிலும் 6 கட்ட ஆழத்துக்கு மஞ்சள் பூசுங்கள். மேசையோடு சேர்த்து 18 கட்டம். இருப்பது 20. நான்கு பேருக்கு இடம் சரி.

தொட்டிக்கு எதிர்ப்பக்க முனையில் ஒரு நாற்காலிக்கு 6 கட்டம் விட்டால் ஐந்தாவது ஆளும் உட்காரலாம். ஆறாவது நாற்காலி? நீளத்தைக் கூட்டினால் 6 + 10 + 6 = 22 கட்டம்தான். 24-க்குள் அடங்கிவிடுகிறதே என்று தோன்றும். படத்தைப் பாருங்கள். அந்த நாற்காலி கதவு திறக்கும் இடத்தில் இருக்கிறது! "ஆறு பேர் செட்" வாங்கியிருந்தால் ஒரு நாற்காலி மூலையில்தான் கிடக்கும்.

வட்ட மேசை என்றால்? 4 அடி விட்டமுள்ள மேசையில் நான்கு பேர் உட்காரலாம். ஆனால் நாற்காலிகளோடு இரு பக்கமும் 10 அடி வேண்டும். தொட்டி போக மீதி நீளம் 8 அடிதான். ஆகாது.

மேசையை வேறு இடத்தில் வைத்துப் பார்க்க, மஞ்சள், பழுப்புக் கட்டங்களை மட்டும் செலக்ட் செய்து கன்ட்ரோல் + எக்ஸ், பிறகு காலி இடத்தில் கன்ட்ரோல் + வி. தவறினால் கன்ட்ரோல் + இசட்.

இணையத்தில் பார்க்கும்போது

அளவு செ.மீ.யில் இருந்தால் வேறொரு ஷீட்டில், ஒரு செல்லில் =180/30.48 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 180 செ.மீ. என்பது 5.9 அடி என்று தெரியும். மேசையையும் நாற்காலியையும் தனித்தனியாக வாங்கினால் உயரத்தையும் பாருங்கள். மேசை 30 அங்குலம், நாற்காலி இருக்கை 18 அங்குலம் என்றால் வசதியாக இருக்கும்.

மாடிப்படியின் குறுகலான இடத்தையும் திருப்பத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கால்களைக் கழற்றக்கூடிய மேசை என்றால் பலகையை நிமிர்த்தி ஏற்றிவிடலாம்.

வெயிலும் மழையும்

மரத்தூள் பலகையில் செய்த மேசை மாடிக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் உப்பிவிடும். தேக்கு தாங்கும். எண்ணெய் பூசாமல் விட்டால் நிறம் மட்டும் சாம்பலாகும். இரும்பில் பெயின்ட் கீறிய இடத்தில் துருப்பிடிக்கும். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது, தூக்குவதும் சுலபம். பிளாஸ்டிக் விலை குறைவு. ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் வெளிறி, உடையத் தொடங்கும். மடக்கி உள்ளே வைக்கக்கூடிய மேசை என்றால் எந்தப் பொருளானாலும் கூடுதல் நாள் உழைக்கும்.

வரைந்த ஷீட்டை சேவ் செய்து, ஒரு பிரின்ட் எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். விற்பனையாளர் பெரிய செட்டைக் காட்டும்போது, கட்டங்களை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லலாம்.