நித்தியகல்யாணியும் நுரையீரல் புற்றும்

தமிழகத்தை விட்டு எவ்வூரில் குடியேறினும், நம்மவர் வீட்டு வாசலில் நித்தியகல்யாணிச் செடியைக் காணலாம். வடக்கே அதனைச் 'சதாபஹார்' என்பர். மடகாஸ்கர் தீவில் பிறந்த இச்செடி, நுரையீரல் புற்றுநோய்க்கும் ஒரு மருந்தைத் தந்துள்ளது என்பதை அன்பர்களிற் பலர் அறிந்திரார்.

கனடா நாட்டு விஞ்ஞானிகளான ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் முதலியோர் இதன் இலைச்சாற்றை எலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். நீரிழிவைத் தணிக்குமா என்பதே முதற்கேள்வி. சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளை அணுக்களே குறைந்தன. அக்குறிப்பைப் பற்றிச் சென்று, 1958-இல் 'வின்பிளாஸ்டின்' என்னும் பொருளை வெளியிட்டனர். பின்னர் பிரான்ஸில் பியேர் போத்தியே குழுவினர் அதன் இனத்தைச் சேர்ந்த 'வினோரெல்பின்' மருந்தை உருவாக்கினர். அமெரிக்க அரசு 1994-இல் அதனை நுரையீரல் புற்றுக்கு அனுமதித்தது.

இம்மருந்து புற்றணுவைக் கொல்வது எவ்வாறு? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, தன் மரபுப் பொருளை இருபுறமும் சமமாகச் சேர்ப்பிக்க வேண்டும். அதற்கென 'டியூபுலின்' என்னும் புரதத்தால் நுண்குழாய்களை அமைத்துக்கொள்கிறது. ரயில்வே ஊழியராகிய நமக்கு அவை தண்டவாளங்களாகவே தோன்றுகின்றன. மருந்து அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு, தண்டவாளம் இணையாதபடி தடுக்கிறது. சரக்கு நடுவழியில் நின்றுவிடுகிறது.

அவ்வாறு நெடுநேரம் தேங்கிய அணுவினுள், தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடு விழித்தெழுகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து 'சைட்டோகுரோம் சி' கசிகிறது. அது 'காஸ்பேஸ்' என்னும் நொதிகளை ஏவுகிறது. அவை அணுவை உள்ளிருந்தே அறுக்கின்றன. இத்தகைய மரணத்திற்கு 1972-இல் 'அப்போப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

"அப்படியாயின் இலையைக் கஷாயமிட்டுப் பருகலாமே" என்று நம் குடியிருப்பிலும் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அது பேராபத்து. இலையில் மருந்துப் பொருள் மிகச் சொற்பம். அளவும் செடிக்குச் செடி மாறும். உடன் கலந்துள்ள நஞ்சோ பலவகை. தூய்மைப்படுத்திய மருந்துகூட நல்ல அணுக்களையும் தாக்குவதால், வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, உடலளவைக் கணக்கிட்டே தருகிறார். மஞ்சளிலுள்ள குர்க்குமினும் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் புற்றணுக்களைக் கொல்கிறது. ஆனால் உண்டால் அது இரத்தத்தில் சேர்வது மிக அரிது. கிண்ணத்தில் வென்றவை பல. நோயாளியிடம் வென்றவை சிலவே.

ஆகவே அன்பர்களுக்கு நம் வேண்டுகோள்: பீடி, சிகரெட்டை விட்டொழியுங்கள். மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும், உற்றார் சொல்லும் கஷாயத்திற்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்நோயில் இழந்த மாதங்களை எம்மூலிகையும் மீட்டுத் தராது.